உருண்டை இல்லாத பூ

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இங்கே அப்பாவின் போனுக்கு மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். நான் பேசினால் அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் நின்று என் வாயையே பார்க்கிறார்கள். "சொல்லு, சொல்லு" என்கிறார்கள். சொல்ல வந்தது உள்ளேயே போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நாங்கள் வந்து மூன்று மாதம் ஆகிறது. கிளம்பிய அன்று நீ அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "பயந்து ஓடறது நீங்க. அவளை எதுக்குச் சேர்த்துக் கூட்டிட்டுப் போய் ஒளிச்சு வைக்கிறீங்க?" என்றாய். நான் லாரியில் மெத்தைக்கும் பீரோவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா லாரியைக் கிளப்பச் சொன்னார். பாதி வழியில் இறங்கி, இறுக்கமாக இருந்த கயிற்றையே மறுபடி இறுக்கினார்.

அவர் பயந்தார் என்பது உண்மைதான், அக்கா. வேலையில் அந்த லிஃப்ட் குழிக்குள் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டதற்குப் பிறகு வீட்டுக் குளியலறைக் கதவைக்கூட அவர் தாழ்ப்பாள் போட்டதில்லை. நீ அப்போதே தனியாகத் தங்கப் போய்விட்டாய், அதனால் பார்த்திருக்க மாட்டாய்.

இங்கே வீட்டில் இரண்டு அறை. ஒன்றின் கதவு மூடாது, இன்னொன்றின் கதவு திறக்காது. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் கதவு பழுது பார்த்தவரால் இந்த இரண்டையும் சரி செய்ய முடியவில்லை. அம்மா பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்த பழக்கத்தில் கோழிகளை வரிசையாக நிறுத்தித் தீனி போடப் பார்க்கிறாள். "அடுத்தது வா" என்கிறாள். ஐந்தும் ஒன்றாக ஓடி வருகின்றன.

நிலம் ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. அதில் அறுபது குழி வெட்டிப் பூசணி போட்டிருக்கிறோம். அப்பா ஒவ்வொரு குழிக்கும் டேப் பிடித்து அளந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கம்பெனி அவருக்கு மே 31 வரை விடுப்பு கொடுத்திருக்கிறது. அதற்குள் பூசணி காய்த்தால் இங்கேயே இருப்போம். இல்லாவிட்டால் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டு, மறுபடி லிஃப்ட் குழிக்குள் இறங்குவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சொன்னால் சொன்னதுதான் என்று உனக்கே தெரியும்.

கொடி படர ஆரம்பித்துவிட்டது. நேற்று முதல் மொட்டைப் பார்த்தேன்.

தங்கை

&nbsp;

மார்ச் 13

வாயாடிக்கு,

நேரில் நாலு வார்த்தை பேசாதவள் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். தபால்காரர் பாவம்.

ரசமட்டம் என்று படித்ததும் கண்ணாடிக் கடையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தான் பலகை எழுத்தைத் தப்பாக வாசித்ததற்காகத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். முதலாளி என்னை முறைத்தார். எல்லாம் உன் அப்பாவால்.

நான் சிரித்ததை அவரிடம் சொல்லாதே. நான் எதையாவது விசாரித்தேன் என்றும் சொல்லாதே. நான் சொன்னதை வாபஸ் வாங்கப் போவதுமில்லை. அவர் பயந்தால் அவர் போகட்டும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்ணை, மனிதரே இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போவது என்ன நியாயம்? அதைத்தான் கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

சரி, இதற்கெல்லாம் பதில் எழுது. மொட்டு என்ன நிறம்? அங்கே குளிக்க வெந்நீர் உண்டா? பாம்பு உண்டா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ நாள் முழுக்க என்னதான் செய்கிறாய்?

என்னோடு அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் பெண் வேலையிலிருந்து வரும் நேரம்தான் நான் கிளம்பும் நேரம். இந்த வாரம் நாங்கள் பேசிக்கொண்டது "சாவி எங்கே?" மட்டும்தான்.

இத்துடன் ஒரு லென்ஸ் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கீறல் விழுந்துவிட்டதால் கடையில் ஒதுக்கியது. பெரிதாகக் காட்டும். வெயிலில் காட்டி வைக்கோலைக் கொளுத்திவிடாதே.

அக்கா

&nbsp;

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

லென்ஸ் உடையாமல் வந்தது. முதலில் எறும்பைப் பார்த்தேன். அதற்கு முழங்கால் இருக்கிறது. பிறகு அம்மாவின் கட்டைவிரல், கோழியின் இமை, ரொட்டியின் ஓரம். அம்மா, "என்னையும் கோழியையும் ஒரே கண்ணாடியில பார்க்காதே" என்கிறாள். அவள் முழங்கால் வலி பரவாயில்லை. வெந்நீர் உண்டு. பாம்பு இதுவரை இல்லை.

இப்போது முக்கியமான செய்தி. பூ மஞ்சள் நிறம். ஆனால் எல்லாப் பூவும் ஒன்றில்லை. சில பூக்களுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் பச்சை உருண்டை இருக்கிறது. மற்றதெல்லாம் நீளக் காம்பு, அதன் மேல் வெறும் பூ. உருண்டைதான் காயாகப் போகிறது என்று பார்த்தாலே தெரிகிறது. உருண்டை இல்லாத பூ இரண்டு நாளில் வாடி விழுந்துவிடுகிறது. ஒரு கொடியில் எண்ணினேன். உருண்டை உள்ளது மூன்று. இல்லாதது பத்தொன்பது.

இதை அப்பாவிடம் சொன்னேன். நானாகவே போய்ச் சொன்னேன், அக்கா. "அது காய்க்காதுன்னா, அதுக்கு எதுக்குத் தண்ணி போகணும்?" என்று கேட்டேன். அப்பா பம்புசெட்டை அணைத்துவிட்டு வந்து, குந்தி உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"பார்த்தியா? எனக்குத் தோணலை. உனக்குத் தோணலை. இவ கண்டுபிடிச்சிருக்கா. வேலை செய்யாத பாகத்தைக் கழற்றிட்டா மிஷினுக்குச் சுமை குறையும். அதேதான்!"

அவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் இப்படிப் பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அதனால் இப்போது என் வேலை இது. தினமும் சாயங்காலம் அறுபது கொடியையும் சுற்றி வந்து, உருண்டை இல்லாததை மொட்டாக இருக்கும்போதே கிள்ளிவிடுகிறேன். மலர்ந்தால் சத்து வீண். நேற்று நூற்று நாற்பது. ஒன்றைக்கூட விடுவதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கரும்பு போட்டிருப்பவர் என் கூடையைப் பார்த்து, "என்ன பாப்பா, பூக்கடை வைக்கப் போறியா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அவசரம்.

உருண்டைகள் விழுகின்றன. பூ மலர்ந்து மூடிய மூன்றாம் நாள் உருண்டை மஞ்சளாகிறது. ஐந்தாம் நாள் தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பா முதலில் தண்ணீர் அதிகம் என்று குறைத்தார். பிறகு குறைவு என்று கூட்டினார். பிறகு மண்ணைச் சொன்னார். பிறகு விதையைச் சொன்னார். இப்போது தன் ஸ்பேனர் பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முந்தாநாள் சாயங்காலம் ஒரு மொட்டு எப்படியோ என் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது. நேற்றுக் காலை அது மலர்ந்திருந்தது. உருண்டை இல்லாத பூ. இவ்வளவு நாளாக அதை நான் மலரவே விட்டதில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு தண்டு, அது முழுக்க மாவு போல மஞ்சள் தூள். விரலில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உருண்டை உள்ள பூவைப் பார்த்தேன். அதில் தூள் இல்லை. அதற்குப் பதிலாகப் பிசுபிசுவென்று ஏதோ இருக்கிறது, எதையோ ஒட்டவைப்பதற்கு இருப்பது போல.

அக்கா, உன் கடைக்கு எதிரே விதைக்கடை இருக்கிறது இல்லையா? அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுது. பூசணியில் உருண்டை இல்லாத பூ எதற்கு? அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? கரும்புக்காரரிடம் நானே கேட்கலாம் என்று வாய்க்கால்வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 22

வாயாடிக்கு,

கடையில் வேலை அதிகம். பரீட்சை முடிந்த பிள்ளைகளையெல்லாம் கண்ணாடி போட அழைத்து வருகிறார்கள். அதனால்தான் எழுத முடியவில்லை.

காய் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அதற்காக நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடாது. என் அறை இருக்கும் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, ஒரு மாடி வீடு காலியாகிறது. இரண்டு அறை, பெரிய ஜன்னல், மாடியில் தொட்டி வைக்கலாம். உனக்குச் செடி வேண்டும் என்றால் அங்கேயே வளர்க்கலாம். எங்கள் கடையில் பின்பக்கம் உட்கார்ந்து லென்ஸ் துடைக்க ஆள் தேடுகிறார்கள். யாரோடும் பேச வேண்டியதில்லை. உனக்காகவே செய்த வேலை போல இருக்கிறது. முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் ஜூன் முதல் தேதி குடிவர ஆள் வேண்டும் என்கிறார். அம்மாவிடம் சொல்.

அக்கா

&nbsp;

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

மாடி வீட்டைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. விதைக்கடைக்காரருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை. நானே ஒன்று செய்து பார்த்தேன்.

பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கொடி அப்பாவின் கண்ணில் படாது. அதில் மட்டும் கிள்ளுவதை நிறுத்தினேன். ஏப்ரல் 26 காலையில் இரண்டு விதமும் மலர்ந்திருந்தன. உருண்டை உள்ள பூ நான்கு. இரண்டு பூவின் மேல் பழைய துணியைப் பையாகத் தைத்து மூடினேன். மற்ற இரண்டில், உருண்டை இல்லாத பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, அந்தத் தூளைத் தடவினேன். அவ்வளவுதான்.

துணி கட்டிய இரண்டும் ஐந்தாம் நாள் விழுந்துவிட்டன. தூள் தடவிய இரண்டும் இருக்கின்றன. ஒன்று இன்று என் கைமுட்டி அளவு இருக்கிறது. தோலில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மழைத்துளி தெறித்த மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரே நேரத்தில் குதிக்கவும் தோன்றியது, எங்கேயாவது போய் விழுந்துவிடவும் தோன்றியது.

நான்தான், அக்கா. தண்ணீர் இல்லை, மண் இல்லை, விதை இல்லை. தினமும் சாயங்காலம் ஒரு கூடை. ஒன்றைக்கூட விடாமல்.

நேற்று அப்பா மேட்டில் ஏறிக் கம்பெனிக்குப் போன் பேசினார். "வந்துடறேன் சார். ஆமா சார். எந்த வேலையானாலும் சரி சார்" என்றார். இறங்கி வந்தபோது அவருடைய சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. இத்தனைக்கும் அன்று வானம் மூடியிருந்தது.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், என்னைப் பற்றி அன்றைக்கு அம்மாவிடம் அவர் சொன்னாரே, அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் அந்தக் குழிக்குள் இறங்குவார். தினமும் காலையில் அவர் தட்டைக் கழுவும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். தட்டைக் கழுவி முடித்துவிடுகிறேன்.

தங்கை

&nbsp;

மே 10

என் தங்கைக்கு,

நீ கேட்ட அன்றே எனக்குப் பதில் தெரியும்.

உன் கடிதம் வந்த மதியமே எதிர்க்கடைக்குப் போனேன். அந்த ஆள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். "அதுல ஆண் பூ, பெண் பூன்னு ரெண்டு இருக்கும்மா. தூள் போனாத்தான் காய் நிக்கும். ஏன், யாராவது ஆண் பூவைப் பறிச்சுட்டாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கடைக்குத் திரும்பி வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். பேப்பர் எடுத்தேன், தேதி போட்டேன்.

எழுதினால் நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்று தோன்றியது. எழுதாவிட்டால் ஜூன் ஒன்றாம் தேதி மாடி வீட்டில் விளக்கு எரியும். நான் வேலை முடிந்து அங்கே வருவேன், அம்மா "கை கழுவிட்டு வா" என்பாள். இதைத்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. அப்பாவின் குழியை நினைக்கவில்லை. அவர் நிறைய நாள் இறங்கிய குழிதானே என்று ஒதுக்கிவிட்டேன். அந்தக் குழியில் அவர் மாட்டிய அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நிமிடம்தான் இருந்தேன். அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அவரைப் பயந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

நீ "பரவாயில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சாப்பிட விடவில்லை. நீ ஒன்றரை மாதம் பறித்தது தெரியாமல் செய்தது. நான் மூன்று வாரம் எழுதாமல் இருந்தது தெரிந்து செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

நான் அப்பாவுக்கு எழுதி எல்லாவற்றையும் சொல்லிவிடவா என்று யோசித்தேன். உறைகூட எழுதிவிட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். கண்டுபிடித்தது நீ. சொல்வதும் நீயாகத்தான் இருக்க வேண்டும். நான் செய்ததையும் சேர்த்துச் சொல்.

இன்னொன்று. லென்ஸ் துடைக்கும் வேலையைப் பற்றி எழுதினேனே, யாரோடும் பேச வேண்டியதில்லை என்று. எழுதிய பிறகுதான் உறைத்தது. அப்பா உன்னை ஒளித்து வைக்கிறார் என்று கத்தியது நான். கடையின் பின்பக்கத்தில் உனக்கு இடம் பார்த்ததும் நான்தான்.

அதனால் நேராகவே கேட்கிறேன். ஜூன் ஒன்றாம் தேதி வருகிறாயா, அங்கேயே இருக்கிறாயா? எனக்காகப் பார்க்காதே. அப்பாவுக்காகவும் பார்க்காதே.

அக்கா

&nbsp;

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். கோழிகளிடம்கூட உன்னைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் நாள் அப்பாவிடம் போனேன்.

அவர் குழாய்களைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். எதிரில் நின்றேன். "என்னம்மா?" என்றார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே அந்த இரண்டு காயும் இருந்தன. பெரியது அதற்குள் அம்மாவின் சின்னக் குண்டான் அளவு ஆகியிருந்தது.

அப்பா குனிந்து பெரிய காயைத் தடவிப் பார்த்தார். நான் பேசினேன். அவரைப் பார்த்தால் பேச வராது என்று, ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பூவிடம் பேசினேன். இது தூள், இது அதைப் பிடிக்கும் இடம், இதை நான் மலரவிடவில்லை, மொத்தம் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை, துணி கட்டியது எது, கட்டாதது எது. நீ செய்ததையும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது அம்மாவும் வந்து நின்றிருந்தாள்.

அப்பா கையிலிருந்த குழாயைத் தூக்கி எறிந்தார். "ரெண்டு மாசம்!" என்று கத்தினார். "ரெண்டு மாசம் மண்ணைத் திட்டிட்டு இருந்திருக்கேன்! பெரியவ வேற தெரிஞ்சுகிட்டே வாயை மூடிட்டு இருந்திருக்கா!" கோழிகள் சிதறி ஓடின.

அம்மாதான் பேசினாள். "இவ கேள்வி கேட்டா. கழற்றுன்னு சொன்னது யாரு? அறுபது குழிக்கும் மட்டம் பார்த்தீங்களே, ஒரு ஆளைக் கேட்டீங்களா? பக்கத்துலயே விவசாயி இருக்காரு, ஒரு நாள் போய் நின்னீங்களா? பெரியவளைச் சொல்றீங்க. அவ தனியா ஒரு ரூம்ல கிடக்கறா. போய்ப் பார்த்தீங்களா?"

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். காயில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தபடி, "எத்தனை கொடி இன்னும் பூக்குது?" என்று கேட்டார். அம்மாவை இல்லை, என்னை. முப்பத்தொன்று என்றேன். "எப்படித் தடவினே? செஞ்சு காட்டு" என்றார். மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் செய்தோம். அவர் விரல் தடிமன், இதழ் கிழிந்துவிடுகிறது. "மெதுவா, அப்பா. அது ஸ்க்ரூ இல்ல" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் நான்தான் சொன்னேனா என்று பார்த்தேன்.

ஆனால் இப்போது பிடிக்கும் காய் முற்ற ஒன்றரை மாதம் ஆகும். மே 31-க்குள் ஒன்றும் வராது. சொன்னால் சொன்னதுதான், அக்கா. அவர் வருகிறார். முந்தாநாள் மறுபடி மேட்டில் ஏறினார். "குழிக்குள்ள இறங்க மாட்டேன் சார். எனக்குப் பயமா இருக்கு. பட்டறையில உட்கார்ந்து மோட்டார் பழுது பார்க்கிறேன்" என்றார். 'பயமா இருக்கு' என்று அவர் ஒரு ஆளிடம் சொல்லிக் கேட்டதே இல்லை. கம்பெனியில் சரி என்றிருக்கிறார்கள்.

இறங்கி வந்து எங்களைக் கேட்டார். "நான் போறேன். நீங்க என்ன பண்றீங்க?" இங்கே வரும்போது அவர் எங்களைக் கேட்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். "நான் இருக்கேன்" என்றேன். அம்மா, "அப்ப நானும்" என்றாள். அடுத்த விதைப்புவரை அப்பா அங்கே, நாங்கள் இங்கே. பிறகு பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: நான் வரவில்லை. நீ சொன்னது பொய்யில்லை, முதலில் இங்கே ஒளியத்தான் வந்தேன். யாரும் எழுந்து நில் என்று சொல்லமாட்டார்கள் என்பதுதான் எனக்கு இந்த இடத்தில் பிடித்தது. இப்போது வேறு காரணம். நேற்று வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கரும்புக்காரரிடம், காய் முற்றிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். "அட, பேசுவியா நீ?" என்றார். "கொஞ்சம்" என்றேன். நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக்கூடாதாம். அவர் சொல்லிவிட்டு, அது ஏன் பதிவதில்லை என்று நான் கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். அது எனக்குத் தெரிய வேண்டும்.

மாடி வீட்டுக்காரரிடம் நாங்கள் மூன்று பேர் இல்லை, இரண்டு பேர் என்று சொல்லிவிடு. நீயும் அப்பாவும். அவர் முப்பதாம் தேதி மதியப் பேருந்தில் வருகிறார். உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் உனக்கு ஒரு கூடை முட்டை எடுத்து வைத்திருக்கிறார், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி. குளியலறைக் கதவை அவர் தாழ்ப்பாள் போடாவிட்டால் கேலி செய்யாதே. முதல் பேச்சை நீ ஆரம்பி. கஷ்டமாக இருந்தால் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு பேசு. நான் செய்து பார்த்தேன், முடிகிறது.

விடிந்துவிட்டது. பூ ஒன்பது மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். முப்பத்தொரு கொடி இருக்கிறது. நான் போக வேண்டும்.

தங்கை